திருகோணமலை மாநகர முதல்வராகப் புதிதாக வருகிறவருக்கு

கிழக்கு மாகாண உள்ளூராட்சிக் கந்தோர்களில் எழுதுவினைஞராகச் சேர்ந்து, 28 வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். வீடு திருகோணமலையில். பிரதேச சபை, நகர சபை என்று மாறி மாறி இருந்ததில் பல தவிசாளர்களுக்குக் கோவை (பைல்) எடுத்துக் கொடுத்திருக்கிறேன். நல்ல மனதோடு வந்து, ஆறே மாதத்தில் எதைக் கேட்டாலும் "அது என் கையில் இல்லை" என்று சொல்லத் தொடங்கியவர்கள் உண்டு. அதே கதிரையில் இருந்து, அதே காசை வைத்துக்கொண்டு, ஊர் இன்றைக்கும் பெயர் சொல்லும்படி வேலை செய்தவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் இடையில் நான் கண்ட வித்தியாசம் ஒன்றுதான். இரண்டாமவருக்குத் தன் எல்லை தெரிந்திருந்தது. எந்த வீதி சபையுடையது, எந்தக் கான் (வடிகால்) சபையுடையது, எந்தக் காசு எங்கிருந்து வருகிறது, எந்தக் கடதாசியில் யார் கையெழுத்து என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

நம் நகர சபை மாநகர சபையானது. 2025 மே 6 ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பிறகு திருகோணமலைக்கு முதன்முதலாக ஒரு மாநகர முதல்வர் வந்தார். சபையின் காலம் நாலு வருடம். அந்தக் கதிரைக்கு இனிமேல் வரப்போகிற ஒவ்வொருவரும் முதல் நாளில் புதியவர்தான். அவர் கையில் கொடுக்க நினைத்ததை இங்கே எழுதுகிறேன். மேயர் என்று கூப்பிட்டாலும் முதல்வர் என்று கூப்பிட்டாலும் வேலை ஒன்றே.

1. மாலை போடுவதற்கு முன் சட்டத்தை வாசியுங்கள்

நகர சபை இருந்தபோது அது 1939 ஆம் ஆண்டின் 61 ஆம் இலக்க நகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் நடந்தது. மாநகர சபை 1947 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. இது வெறும் பெயர்ப்பலகை மாற்றம் இல்லை. "இவ்வளவு காலமும் இப்படித்தானே செய்தோம்" என்று யாராவது ஒரு கோவையை நீட்டினால், "எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். பழக்கத்தில் போட்ட கையெழுத்துகள்தான் பிறகு கணக்காய்வில் வந்து நிற்கும்.

நீங்கள் எப்படித் தெரிவானீர்கள் என்பதையும் மறக்கவேண்டாம். இப்போதுள்ள தேர்தல் முறையில் உறுப்பினர்களில் 60 வீதம் பேர் வட்டாரங்களில் இருந்தும் 40 வீதம் பேர் விகிதாசாரப்படியும் வருகிறார்கள். ஒரு கட்சிக்குப் பாதி ஆசனங்கள் கிடைத்தால் அந்தக் கட்சியே முதல்வரைப் பெயரிடும். இல்லாவிட்டால் முதல் அமர்வில் உள்ளூராட்சி ஆணையாளர் முன்னிலையில் வாக்கெடுப்பு நடக்கும். பகிரங்கமாகவா இரகசியமாகவா என்பதையும் சபையே முடிவு செய்யும். 2025 இல் பல சபைகளில் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. நீங்களும் அப்படி வந்தவராக இருந்தால், உங்களுக்கு வாக்களிக்காத உறுப்பினர்களின் வீட்டுக்குத்தான் முதலில் போகவேண்டும். ஒரு தேத்தண்ணி குடித்து, அவர்களுடைய வட்டாரத்தில் என்ன பிரச்சினை என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். இதன் பலன் டிசம்பரில் தெரியும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சொத்து, பொறுப்பு விபரத்தை உடனே நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும்.

2. முதல் வாரம்: ஆணையாளரும் அதிகாலையும்

சட்டப்படி சபையின் நிறைவேற்று அதிகாரம் முதல்வரிடம் இருக்கிறது. அன்றாட நிர்வாகமும் கோவைகளும் மாநகர ஆணையாளரின் கையில். இந்த இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசாத கந்தோரில் எந்த வேலையும் நகராது. முதல் நாளே ஆணையாளர், கணக்காளர், பொறியியல் பகுதித் தொழில்நுட்ப உத்தியோகத்தர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வருமானப் பரிசோதகர் எல்லோரையும் தனித்தனியாகச் சந்தியுங்கள். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி போதும்: "உங்கள் மேசையில் ஒரு வருடத்துக்கு மேலாகக் கிடக்கிற கடிதம் எது?" பதிலைக் கேட்டுக்கொண்டு வந்தாலே சபையின் நோய் எங்கே இருக்கிறது என்று விளங்கும்.

வாய்மொழியாக உத்தரவு போடாதீர்கள். போனில் "அந்த வேலையைச் செய்துவிடுங்கோ" என்று சொல்வது உங்களுக்குச் சுலபம். ஆனால் பிறகு கணக்காய்வுக்குப் பதில் எழுதப்போவது ஒரு எழுதுவினைஞர். நான் அப்படி எழுதியிருக்கிறேன். ஒரு சபையில் தலைவர் சொன்னார் என்று தற்காலிகமாக, அமைய அடிப்படையில் ஆட்களை எடுத்தோம். அங்கீகரிக்கப்பட்ட ஆளணி இல்லை, தீர்மானம் இல்லை, எழுத்தில் ஒன்றுமே இல்லை. அந்தப் பிள்ளைகள் வெயிலில் நின்று வேலை செய்தார்கள். சம்பளம் கொடுக்க வழியில்லை. ஒரு பையன் தன் தாயைக் கூட்டிக்கொண்டு வந்து என் மேசைக்கு முன்னால் நின்றான். அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. வேலை கேட்டு உங்கள் வாசலுக்கு வருகிறவர்களிடம் முதல் நாளே உண்மையைச் சொல்லிவிடுங்கள். நிரந்தர ஆட்சேர்ப்பு மாகாண நடைமுறைப்படிதான் நடக்கும். முதல்வர் நினைத்தபடி ஆள் போடமுடியாது.

அந்த வாரத்தில் ஒரு நாள் விடியற்காலை ஐந்தரைக்கு சுத்திகரிப்புத் தொழிலாளர்கள் கையெழுத்துப் போடும் இடத்துக்குப் போங்கள். படம் எடுக்கிறவரைக் கூட்டிக்கொண்டு போகவேண்டாம். எத்தனை பேர் வந்திருக்கிறார்கள், எத்தனை கையுறை இருக்கிறது, எத்தனை சப்பாத்து இருக்கிறது, எந்த உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஓட்டை என்று பாருங்கள். அவர்களோடு ஒரு வீதி முழுக்க நடந்து வாருங்கள். எந்த மூலையில் இரவில் குப்பை கொட்டுகிறார்கள், எந்தக் கானுக்கு மூடி இல்லை, எந்தக் கடைக்காரர் கழிவு நீரைத் தெருவில் விடுகிறார் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். எந்த அறிக்கையிலும் அது வராது.

3. எல்லை வரைபடம் ஒன்றைச் செய்யுங்கள்

திருகோணமலையில் இது மற்ற ஊர்களை விடக் கூடுதலாகத் தேவை. ஏனென்றால் இங்கே ஒவ்வொரு ஏக்கருக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். கடற்படைத் தளம் இருக்கிறது. பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. துறைமுக அதிகார சபைக்குக் காணிகள் இருக்கின்றன. தொல்பொருள் திணைக்களம், கரையோரம் பேணல் திணைக்களம், நகர அபிவிருத்தி அதிகார சபை என்று வரிசை நீளும். மாகாணத்தின் தலைமைச் செயலகமும் ஆளுநர் செயலகமும் இதே ஊரில்தான். 2017 செப்டெம்பரில் கிழக்கு மாகாண சபையின் காலம் முடிந்த பிறகு மாகாணத் தேர்தல் நடக்கவில்லை. அதனால் உள்ளூராட்சிக்குப் பொறுப்பான மாகாண அமைச்சர் ஒருவரிடம் போய்ப் பேசும் வழி உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம். ஆளுநர், தலைமைச் செயலாளர், உள்ளூராட்சி ஆணையாளர் என்ற வரிசையில்தான் கடிதம் போகும்.

ஒரு பெரிய வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, தொழில்நுட்ப உத்தியோகத்தரை இருத்தி வைத்து நிறம் தீட்டுங்கள்.

முதலில் வீதிகள். நகருக்குள் வந்து சேரும் ஏ தர, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. ஏ6, ஏ12, ஏ15 மூன்றும் திருகோணமலையை நோக்கி வரும் பெருந்தெருக்கள். அடுத்த தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. மீதி உள்வீதிகளும் ஒழுங்கைகளும் நம்முடையவை. பிரதான வீதியில் ஒரு குழி என்றால் சனம் முதல்வரைத்தான் திட்டும். அது நம் வீதி இல்லை என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். யாருடையது என்று சொல்லி, அவர்களுக்கு நீங்களே கடிதம் அனுப்பி, அதன் பிரதியை முறைப்பாடு செய்தவருக்குக் கொடுங்கள். ஒரு கடதாசிதான். ஆனால் அந்த மனிதர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகமாட்டார்.

மின்கம்பம் மின்சாரம் வழங்குகிற நிறுவனத்துடையது, அதில் தொங்கும் தெருவிளக்கைப் பார்ப்பது நம் வேலை. குடிதண்ணீர் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையுடையது. புதிதாகக் கொங்கிறீட் போட்ட ஒழுங்கையை அடுத்த மாதம் குழாய் போட வெட்டுகிறார்கள் என்றால், இரண்டு கந்தோரும் முன்கூட்டிப் பேசவில்லை என்று அர்த்தம். வீதி வேலைத்திட்டத்துக்கு ஒப்புதல் கொடுக்கும் முன் அவர்களுடைய ஒரு வருடத் திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அப்புறம் நகரின் வெளி எல்லை. உப்புவெளியும் சீனன்குடாவும் வெளியூரில் இருந்து பார்ப்பவர்களுக்குத் திருகோணமலைதான். ஆனால் அவை பட்டினமும் சூழலும் பிரதேச சபையின் பகுதி. நிலாவெளி இன்னும் வடக்கே, குச்சவெளிப் பிரதேச சபையில். மே தொடக்கம் செப்டெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் வருகிற சுற்றுலாப் பயணி இந்த மூன்று சபைகளையும் ஒரே நாளில் கடந்து போவார். அவர் சாப்பிட்ட பெட்டி எந்தச் சபையின் எல்லையில் விழுந்தது என்று அவருக்குத் தெரியாது. பக்கத்துச் சபைத் தலைவர்களோடு மாதம் ஒரு தடவையாவது பேசுங்கள். கட்சி வேறாக இருக்கட்டும்.

இங்கே மான்களைப் பற்றிச் சொல்லவேண்டும். கோட்டைக்குள்ளும் கடற்கரை வீதிகளிலும் புள்ளிமான்கள் சுதந்திரமாகத் திரியும் நகரம் நம்முடையது. பஸ் பிடிக்க ஓடுகிறவருக்குப் பக்கத்தில் மான் நிற்கும். எனக்குத் தெரிந்து ஊருக்கு இதைவிடப் பெரிய அழகு இல்லை. அந்த மான்கள் குப்பையைக் கிளறிப் பொலித்தீனைத் தின்கின்றன. மானைப் பாதுகாப்பது வனசீவராசிகள் திணைக்களத்தின் வேலை. அதன் வயிற்றுக்குள் போகிற பொலித்தீன் நம் வேலை. கோட்டை வாசலுக்கு உள்ளே ஒரு மூடியுள்ள குப்பைத் தொட்டி வைப்பதற்கும் இராணுவத்தோடும் தொல்பொருள் திணைக்களத்தோடும் கோணேசர் கோயில் நிர்வாகத்தோடும் பேசவேண்டி வரும். பேசுங்கள். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம் இதற்கெல்லாம் நல்ல இடம். எல்லாத் திணைக்களத் தலைவர்களும் ஒரே மண்டபத்தில் இருப்பார்கள். வெறும் முறைப்பாட்டோடு போகாமல், ஒரு பக்கக் கடிதமும் இரண்டு படங்களும் கொண்டு போனால் வேலை முடியும்.

4. குப்பை

முதல்வரின் பெயர் நிற்பதும் விழுவதும் இதில்தான்.

குப்பையை நாம் சேர்ப்பது நகர எல்லைக்குள். கொண்டுபோய்க் கொட்டுவது கன்னியாப் பக்கம், இன்னொரு சபையின் சனங்களுக்குப் பக்கத்தில். இதை ஒவ்வொரு நாளும் நினைவில் வைத்திருங்கள். நம் தெரு துப்புரவாக இருப்பதற்கு விலை கொடுப்பவர்கள் அவர்கள். 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, புத்தாண்டு தினத்தன்று, கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து 32 பேர் இறந்தார்கள். அந்த மேடும் ஒவ்வொரு லொறியாகத்தான் உயர்ந்தது.

என்ன செய்யலாம்? உக்கும் குப்பையையும் உக்காத குப்பையையும் பிரித்து எடுப்பதை ஒரு வட்டாரத்தில் மட்டும் தொடங்குங்கள். முழு நகரத்திலும் ஒரே நாளில் அறிவிக்கவேண்டாம். ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டு, வீட்டில் பிரித்து வைத்ததை நம் உழவு இயந்திரமே ஒரே பெட்டியில் கலந்து அள்ளிக்கொண்டு போனால், அந்த வீட்டு அம்மா அடுத்த கிழமை பிரித்து வைக்கமாட்டார். ஒரு தடவை போன நம்பிக்கையைத் திருப்பி எடுக்க வருடக்கணக்காகும். ஆகவே வண்டியும் நாளும் முதலில் தயாராக இருக்கட்டும். திங்களும் வியாழனும் உக்குவது, சனி உக்காதது என்று வைத்தால், மழை பெய்தாலும் அந்த நாளில் வண்டி வரவேண்டும். சாரதி வரவில்லை என்றால் மாற்றுச் சாரதி யார் என்று முன்பே எழுதி வைத்திருக்கவேண்டும்.

மீன் சந்தை, மரக்கறிக் கடைகள், பஸ் நிலையம் மூன்றும் வீட்டுக் குப்பையோடு சேராதவை. அங்கே பகலில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை அள்ளவேண்டும். போயா தினத்தோடு சேர்ந்து வரும் நீண்ட விடுமுறைகளில் டச்சுக்குடாக் கடற்கரைக்கும் கோட்டைப் பக்கத்துக்கும் தனி ஆள் போடுங்கள். சிவராத்திரியை ஒட்டிக் கோணேசர் நகர்வலம் வரும் இரவுகளில் சனம் வாசலில் நிறைகுடம் வைத்துக் காத்திருக்கும். அன்றைக்கு வீதி கூட்டி, தண்ணீர் தெளித்து, விளக்கு எரியவேண்டும். இதைச் செய்கிற தொழிலாளர்களுக்கும் அது திருவிழாதான். அவர்களையும் முன்னால் நிறுத்திச் சாமி கும்பிட விடுங்கள். ஜமாலியாவில் பெருநாளுக்கு முதல் இரவும், சிங்களச் சனம் இருக்கிற வீதிகளில் வெசாக்குக்கும், தேவாலயத் திருவிழாக்களுக்கும் இதே கவனம் வேண்டும். ஒரு சமூகத்தின் கொண்டாட்டத்துக்குப் பளிச்சென்றும் இன்னொன்றுக்கு ஏனோதானோ என்றும் வேலை நடந்தால் ஊர் உடனே கவனித்துவிடும்.

கட்டாக்காலி மாடுகள் பற்றி எல்லோரும் கேட்பார்கள். பிடித்து அடைத்துத் தண்டப்பணம் அறவிடச் சபைக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அறிவிக்காமல் பிடிக்காதீர்கள். மேய்ச்சல் நிலம் இல்லாத ஏழைகளின் மாடுகளும் அதில் இருக்கும். முதலில் திகதி சொல்லி ஒலிபெருக்கியில் அறிவியுங்கள், உரிமையாளர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். அதற்குப் பிறகும் இரவில் வீதியில் படுத்திருந்தால் யாருடைய மாடு என்று பார்க்காமல் பிடியுங்கள். மோட்டார் சைக்கிளில் வருகிற ஒரு பிள்ளையின் உயிர் அதைவிடப் பெரிது.

5. காசு எங்கிருந்து வருகிறது

ஊழியர் சம்பளத்தின் பெரும்பகுதி மாகாணத்தின் ஊடாக வருகிறது. மற்றதெல்லாம் நாம் தேடவேண்டியது. ஆதன வரி, வியாபார அனுமதிப்பத்திரக் கட்டணம், கடை வாடகை, சந்தைக் குத்தகை, முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம் ஆகியவைதான் பெரியவை. கடைசி இரண்டும் தானாக வந்து சேராது. கேட்டு எழுதி, பின்னாலேயே போய் வாங்கவேண்டும். இதற்கென்று ஒரு எழுதுவினைஞரைப் பொறுப்பாக விடுங்கள்.

ஆதன வரியைச் சனத்துக்கு விளங்கும்படி சொல்லத் தெரியவேண்டும். உதாரணமாக, ஒரு வீட்டின் வருடாந்தப் பெறுமதி (வருட வாடகையாக மதிப்பிட்ட தொகை) 60,000 ரூபாய், சபை விதித்த வரி 8 வீதம் என்றால் வருட வரி 4,800 ரூபாய், காலாண்டுக்கு 1,200. முழு வருட வரியையும் ஜனவரி 31 க்கு முன் கட்டினால் 10 வீதக் கழிவு. அப்போது கட்டவேண்டியது 4,320 ரூபாய். காலாண்டு வரியை அந்தக் காலாண்டின் முதல் மாதத்தில் கட்டினால் 5 வீதம். இந்தக் கழிவு இருப்பதே பலருக்குத் தெரியாது. டிசம்பரில் சனசமூக நிலையங்களில், கோயில், பள்ளிவாசல், விகாரை, தேவாலய அறிவித்தல் பலகைகளில் போடுங்கள். ஜனவரியில் வரி கட்டும் யன்னலில் இரண்டு பேரை இருத்துங்கள், வெயிலில் நிற்பவர்களுக்கு ஒரு கூடாரம் போடுங்கள். காசு கொடுக்க வந்தவரை நிற்க வைத்து அலைக்கழிக்கக் கூடாது.

நிலுவை வைத்திருப்பவர்களின் பட்டியலில் பெரிய கட்டடங்கள் முதலில் வரட்டும். சிறிய வீட்டுக்காரருக்குச் சிவப்புக் கடிதம் அனுப்பிவிட்டு, பெரியவர்களிடம் பேசாமல் இருப்பதைச் சனம் கண்டுபிடிக்கும். வருமானப் பரிசோதகர் யாரிடம் போகத் தயங்குகிறார் என்று கேளுங்கள். அங்கே நீங்கள் அவரோடு சேர்ந்து போங்கள்.

வரவு செலவுத் திட்டத்தை ஓகஸ்டிலேயே தொடங்கிவிடுங்கள். வட்டாரம் வட்டாரமாகக் கூட்டம் வைத்து, ஒவ்வொரு வட்டாரமும் மூன்று வேலையை வரிசைப்படுத்திச் சொல்லச் செய்யுங்கள். ஒக்டோபரில் வரைவு, நவம்பரில் நிதிக்குழு, பொதுமக்கள் பார்வைக்கு வைப்பு, டிசம்பரில் சபை. எதிர்க்கட்சி உறுப்பினரின் வட்டாரத்துக் கானும் அதில் இருக்கவேண்டும். 2020 டிசம்பரில் யாழ்ப்பாண மாநகர சபையின் வரவு செலவுத் திட்டம் இரண்டு தடவை தோற்று, முதல்வர் பதவி இழந்து, வேறொருவர் தெரிவானார். தொடக்கத்தில் நான் சொன்ன தேத்தண்ணிக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. வாக்குக் கேட்டு டிசம்பர் முதலாம் திகதி போகிறவரை யாரும் நம்பமாட்டார்கள். ஜூனில் கேட்டு எழுதிய பிரச்சினையை ஒக்டோபர் வரைவில் காட்டியவரை நம்புவார்கள்.

6. சபைக் கூட்டம்

மாதம் ஒரு தடவை பொதுச்சபை கூடும். நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே, தமிழிலும் சிங்களத்திலும் எல்லோருக்கும் அனுப்புங்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் இருக்கும் நகரம் இது. ஒரு உறுப்பினர் தனக்கு விளங்காத மொழியில் நடந்த விவாதத்துக்குக் கை உயர்த்தினால், பிறகு அந்தத் தீர்மானம் நிலைக்காது. நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அமர்வில் இருத்துங்கள். அந்தச் செலவைக் குறைக்கவேண்டாம்.

பெண் உறுப்பினர்களுக்கு நேரம் கொடுங்கள். சட்டம் 25 வீத இடத்தை உறுதி செய்தது, ஒலிவாங்கியை யாரிடம் கொடுப்பது என்பது தலைமை தாங்குகிறவர் கையில். நான் கூட்டறிக்கை எழுதிய கூட்டங்களில் தண்ணீர், முன்பள்ளி, இருட்டு ஒழுங்கை பற்றித் திருத்தமாகப் பேசியவர்கள் பெரும்பாலும் அவர்களே.

நிறைவேறிய ஒவ்வொரு தீர்மானத்துக்கும் பொறுப்பான உத்தியோகத்தர், முடிக்கும் திகதி இரண்டையும் அந்த இடத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தை அந்தப் பட்டியலில் இருந்து தொடங்குங்கள்.

7. மாரிக்கு முன் கான்

நம் ஊரில் மாரி மழை ஒக்டோபர் கடைசியில் பிடித்தால் ஜனவரி வரை விடாது. கான் துப்புரவு செப்டெம்பர் 30 க்குள் முடிந்திருக்கவேண்டும். இதை நான் கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் வேலை செய்த ஒரு சபையில் ஒரு வருடம் விலைமனுக் கோவை கையெழுத்துக்காக மேசை மேசையாகச் சுற்றியது. அதில் மூன்று நாள் என் மேசையிலும் இருந்தது. ஒப்பந்தகாரர் வேலை தொடங்க முன் மழை வந்துவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது ஒரு ஆச்சி கட்டிலுக்கு மேல் அரிசி மூட்டையை ஏற்றி வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் நின்றார். என்னைத் திட்டவில்லை. "தம்பி, போன வருசம் வெட்டினவைதானே, இந்த வருசம் ஏன் மறந்தவை?" என்று மட்டும் கேட்டார்.

பெறுகை நடைமுறைக்கு எவ்வளவு நாள் எடுக்கும் என்று பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். மதிப்பீடு ஜூனில், விலைமனு ஜூலையில், வேலை ஓகஸ்டில். திருக்கடலூர், மனையாவெளி, பெருந்தெரு, உவர்மலை என்று ஒவ்வொரு பகுதியிலும் தண்ணீர் எங்கே விழுந்து எங்கே கடலுக்குப் போகிறது என்பதை ஒரு மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு நடந்து பார்த்து வரைந்துகொள்ளுங்கள். கோடையில் பார்த்தால் எல்லாக் கானும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கானுக்கு மேல் கட்டிய படிகளையும் கடை முன்தட்டுகளையும் அகற்றச் சொல்லும் கடிதம் மார்ச்சில் போகவேண்டும். ஒக்டோபரில் உடைக்கப் போனால் சண்டைதான் மிஞ்சும்.

மழை விட்டதும் நுளம்பு வரும். 2017 இல் இந்த மாவட்டம் டெங்கினால் பட்ட பாடு பலருக்கு மறந்திருக்காது, கிண்ணியாவில் உயிர்கள் போயின. சுகாதார வைத்திய அதிகாரியின் கந்தோர் கேட்கிற அன்றைக்கே லொறியும் ஆட்களும் கொடுங்கள். வெறும் காணிகளின் சொந்தக்காரர்கள் வெளிநாட்டில் இருந்தால், சாவி யாரிடம் என்று கிராம உத்தியோகத்தர் மூலம் முன்பே பட்டியல் எடுத்து வையுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் பிரதேச செயலகமும் முன்னால் நிற்கும். 2020 டிசம்பர் 2 இரவு புரேவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை தாண்டியபோது அப்படித்தான் நடந்தது. சபை கொடுக்கவேண்டியது பெக்கோ, உழவு இயந்திரம், மரம் வெட்டும் வாள், தண்ணீர் பவுசர், ஆட்கள். இவை ஓடும் நிலையில் இருக்கின்றனவா என்று நவம்பரில் ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள்.

8. கையெழுத்துப் போடும் முன்

கட்டட அனுமதி திட்டமிடற் குழுவின் வழியாகத்தான் போகவேண்டும். தெரிந்தவர், உறவுக்காரர் என்று ஒரு வரைபடத்தைக்கூட வரிசை தாண்டி எடுக்கவேண்டாம். விண்ணப்பம் எந்த மேசையில் எத்தனை நாள் இருக்கிறது என்பதை வாசலில் ஒரு பலகையில் போட்டால், இடையில் காசு கேட்பவருக்கு வேலை இருக்காது.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டப்படி சபைக்குத் தகவல் அதிகாரி ஒருவர் இருக்கவேண்டும். விண்ணப்பத்துக்கு 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். கேட்கிறவரை எதிரியாகப் பார்க்காதீர்கள். ஒப்பந்தங்களையும் செலவுகளையும் நீங்களே அறிவித்தல் பலகையில் போட்டுவிட்டால் பாதி விண்ணப்பம் வராது. கணக்காய்வு ஐயவினாக்களுக்கும் உரிய நாளில் பதில் போகட்டும், பதிலை அனுப்பும் முன் நீங்களும் வாசியுங்கள்.

9. கையளிப்புக் கோவை

இதை முதல் மாதத்திலேயே தொடங்குங்கள். 2018 இல் தெரிவான சபைகளின் காலம் ஒரு வருடம் நீடிக்கப்பட்டு 2023 மார்ச்சில் முடிந்தது. அடுத்த சபைகள் 2025 ஜூனில்தான் வந்தன. இடையில் இரண்டு வருடத்துக்கு மேல் தெரிவான ஒருவரும் இல்லை. போனவர் மனதில் வைத்திருந்த திட்டங்கள் அவரோடு போயின. பாதியில் நின்ற வேலைகளின் காரணத்தைக் கேட்கவும் ஆள் இல்லை.

ஒரு தடித்த அட்டைக் கோவை வாங்கி உங்கள் மேசையின் வலது லாச்சியில் வையுங்கள். எல்லை வரைபடத்தின் பிரதி, மழை நாளில் வரைந்த கான் படம், வட்டாரக் கூட்டங்களில் சொன்ன மும்மூன்று வேலைகள், யாருக்கு எந்தத் திகதியில் கடிதம் எழுதினோம், என்ன பதில் வந்தது, எந்த வேலை ஏன் நின்றது என்று மாதம் ஒரு பக்கம் எழுதிச் சேருங்கள். அடுத்து வருகிறவர் உங்கள் கட்சிக்காரராக இருக்கமாட்டார் என்று நினைத்துக்கொண்டே எழுதுங்கள். அவர் முதல் நாள் வந்து லாச்சியைத் திறக்கும்போது, அந்த ஆச்சியின் வீட்டுக்கு முன்னால் போகிற கானை எந்த மாதத்தில் வெட்டவேண்டும் என்பது அதில் இருக்கவேண்டும்.